வறட்சிக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வறட்சி என்றதும் பாளம் பாளமாக வெடித்த வயலும், "ஏக்கருக்கு இவ்வளவு நிவாரணம்" என்ற தலைப்புச் செய்தியும் நினைவுக்கு வரும். இழப்பில் பெரும்பங்கு இந்த இரண்டிலும் வராது. யார் பெயரிலும் எழுதப்படாமல் கூலிக்காரர் வீட்டுக்கும், மாட்டுக் கொட்டகைக்கும், நிலத்தடிக்கும், காட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது முதல் 2019இல் சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது வரை தமிழ்நாடு பட்ட பாட்டை வைத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

2016 வறட்சி உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

ஆமாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்குச் சராசரியாக 440 மில்லிமீட்டர் மழை கிடைக்க வேண்டும். 2016இல் கிடைத்தது சுமார் 168 மில்லிமீட்டர், அதாவது 62 சதவீதம் குறைவு. இவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவமழையைத் தேட வேண்டுமென்றால் 1876க்குப் போக வேண்டும். தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு அது.

அதற்கு முன்பே தென்மேற்குப் பருவமழையும் காவிரிப் படுகையில் கைவிட்டிருந்தது. ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை 2016இல் செப்டம்பர் 20இல்தான் திறந்தார்கள். முதல் போக நெல்லான குறுவை போய்விட்டது. கர்நாடகம் நொடிக்கு 15,000 கன அடி விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த மாதம் உத்தரவிட்டதும் பெங்களூரில் கலவரம் வெடித்தது. அங்கேயும் அணைகளில் தண்ணீர் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டு மழை கொட்டியது, ஆனால் காவிரி டெல்டாவுக்கு அதனால் பயனில்லை. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் அறிவித்தார். இதே பருவமழையை நம்பியிருக்கும் இலங்கையின் பெரும்போக நெல்லும் அந்த ஆண்டு கருகியது.

எல் நினோதான் காரணமா?

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. தென்மேற்குப் பருவமழையை அது குறைக்கும். வடகிழக்குக்குக் கணக்கு பெரும்பாலும் தலைகீழ். வலுவான எல் நினோ இருந்த 2015இல்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டு பசிபிக் கடல் குளிர்ந்தது, நமக்கு மழை பொய்த்தது. "இந்த ஆண்டு எல் நினோ இல்லை, பயமில்லை" என்று வரும் அகில இந்தியச் செய்தியைப் படித்து இங்கே நிம்மதியடைய முடியாது.

2017இல் நெல்லுக்கு நிவாரணம் ஏக்கருக்கு 5,465 ரூபாய். இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது?

பேரிடர் நிதி விதிமுறையிலிருந்து. பாசன வசதியுள்ள பயிர் 33 சதவீதமோ அதற்கு மேலோ போனால் எக்டேருக்கு 13,500 ரூபாய் என்று மத்திய அரசு வைத்திருந்தது. ஓர் எக்டேர் 2.47 ஏக்கர். வகுத்தால் 5,465 வரும். நீண்டகாலப் பயிர்களுக்கு எக்டேருக்கு 18,000, அதாவது ஏக்கருக்கு 7,287 ரூபாய். மானாவாரிக்கு ஏக்கருக்கு 3,000 ரூபாய் கொடுத்தார்கள்.

இந்தத் தொகைக்கு அரசு வைத்திருக்கும் பெயர் இடுபொருள் மானியம். அடுத்த பட்டத்துக்கு விதையும் உரமும் வாங்க உதவுவதுதான் நோக்கம். போன விளைச்சலுக்கான இழப்பீடு என்று விதியில் எங்கும் இல்லை, ஆனால் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, உரம் போட்டு ஒரு ஏக்கர் சம்பா நெல் அறுவடைக்கு வர 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்பது டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்லும் கணக்கு. அதில் கால் பங்கைக் கொடுத்துவிட்டு "நிவாரணம் வழங்கியாயிற்று" என்று கோப்பை மூடுவது எனக்கு ஏற்புடையதில்லை.

மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டது 39,565 கோடி ரூபாய். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து வறட்சிக்காக ஒப்புதலானது 1,748 கோடி. கேட்டதில் 5 சதவீதம்கூட இல்லை. இடுபொருள் மானியமாக சுமார் 32 லட்சம் விவசாயிகளுக்கு 2,247 கோடி ரூபாய் போனது. தலைக்குச் சராசரியாக 7,000 ரூபாய்.

அந்தப் பட்டியலில் யார் பெயர் விடுபட்டது?

முதலில் குத்தகைக்காரர். கோயில் நிலத்தையோ வெளியூரில் இருப்பவர் நிலத்தையோ வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்பவர்கள் காவிரிப் படுகையில் ஏராளம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் பதிவு செய்துகொண்டவர்கள் கொஞ்சம்தான். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் பெயர் இல்லையென்றால் நிவாரணம் கிடையாது, காப்பீடு கிடையாது, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனும் கிடையாது. விதைக்குக் கடன் வாங்கியவர் ஒருவர், மானியம் வந்த வங்கிக் கணக்கு இன்னொருவருடையது.

அடுத்து கூலித் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலும் பெண்கள். நடவு, களை, அறுப்பு மூன்றும் இல்லாத ஆண்டில் அவர்களுக்கு இருந்தது நூறு நாள் வேலை. அதை அந்த ஆண்டு 150 நாளாக உயர்த்தினார்கள். உச்சவரம்புக் கூலி ஒரு நாளைக்கு 203 ரூபாய்.

பிறகு யாரும் பேசாத இன்னோர் இழப்பு உண்டு. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, ஈரம் காயாத வயலிலேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். உழவு இல்லை, தண்ணீர் பாய்ச்சல் இல்லை, செலவும் அதிகமில்லை. கையில் காசாக நிற்பது பல வீடுகளில் அந்த உளுந்துதான். வாய்க்காலின் கடைசி முனையான கடைமடையில் நேரடி விதைப்பு செய்த சம்பா 2016 நவம்பரில் முழங்கால் உயரம்கூட வராமல் மஞ்சளடித்து, கடைசியில் ஆட்டை விட்டு மேய்க்கும் நிலைக்கு வந்தபோது, தை மாதத்து உளுந்தும் சேர்ந்தே போனது. விதைக்காத பயிருக்கு இழப்புக் கணக்கு எழுத அரசு படிவத்தில் இடமில்லை.

விவசாயிகளின் மரணத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஒரே மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த செய்திகளின் பேரில் 2017 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அரசு அப்போது 17 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே எத்தனையோ குடும்பங்கள் நிற்கின்றன.

பயிர்க் காப்பீடு காப்பாற்றியதா?

ஓரளவு காப்பாற்றியது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியதே 2016இல்தான். அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு 3,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு வந்தது. நிவாரணத்தைவிட இது பெரிய தொகை. ஆனால் இழப்பைக் கணக்கிடுவது உங்கள் வயலை வைத்து அல்ல, வருவாய்க் கிராமத்தையோ, சில கிராமங்கள் சேர்ந்த பிர்காவையோ ஓர் அலகாக வைத்து. விளைச்சலை அளக்க மாதிரிக்கு அறுத்துப் பார்க்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடந்த வயலில் ஓரளவு விளைந்திருந்தால், பக்கத்தில் பயிர் முழுவதும் சாவியாகி, மணியில்லாமல் போனவருக்கும் அதே விகிதம்தான். பக்கத்துக் கிராமத்துக்கு ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் வந்து தங்கள் கிராமத்துக்குச் சில நூறு வந்தது ஏன் என்ற சண்டை எல்லாம் இதில் பிறந்ததுதான்.

ஆடு மாடுகள்?

வறட்சியில் ஒரு குடும்பம் முதலில் விற்பது மாட்டைத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓட்டிப் போவதால் விலை விழும். நெல் இல்லையென்றால் வைக்கோலும் இல்லை, அதன் விலை ஏறும். மானிய விலையில் உலர்தீவனம் தர அரசு கிடங்குகள் திறந்தது உதவிதான், ஆனால் ஒரு குடும்பத்துக்கு இத்தனை மாடு, ஒரு மாட்டுக்கு இத்தனை கிலோ என்று அளவு உண்டு. மழை திரும்பியதும் அதே மாட்டை வாங்கப் போனால் விற்ற விலைக்குக் கிடைக்காது. பால் வருமானம் அதுவரை நின்றுபோகும். இந்த இடைவெளியை நிரப்புவது நகைக்கடன்.

நிலத்தடி நீர்தான் கைகொடுக்கிறதே, அது நல்லதுதானே?

கைகொடுக்கிறது, அதனால்தான் கவலை. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. டெல்டாவிலும் கடற்கரையிலும் இருப்பதுபோல மணலும் வண்டலும் அங்கே கிடையாது. பாறையின் விரிசல்களில் நிற்கும் தண்ணீர்தான் எல்லாம். அது பல ஆண்டு மழை சேர்த்து வைத்த வைப்புநிதி. ஒரு வறட்சி ஆண்டில் அதை உடைத்துச் செலவழித்தால், அடுத்த நல்ல மழை ஒன்றில் அது நிரம்பாது.

2017ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மாநிலத்தின் 1,166 பிர்காக்களில் 462 பிர்காக்கள் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்டவை. கோவை, திருப்பூர்ப் பக்கம் 1,000 அடியைத் தாண்டி ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டும் வெறும் புகையாகப் பாறைத்தூள் பறக்கும். ரிக் வண்டிக்காரர் அடிக்கணக்கில் காசு வாங்குவார், தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 800 அடி போனால் நீங்கள் 900 போக வேண்டும், அவர் மறுபடி 1,000 போவார். வறட்சியில் விவசாயக் குடும்பங்களைக் கடனில் தள்ளுவதில் கருகிய பயிரைவிட வறண்ட போருக்குத்தான் பெரிய பங்கு என்பது என் கருத்து. பயிர்க்கடன் தள்ளுபடியாவதுண்டு. போர் போட வட்டிக்கு வாங்கிய கடனை யாரும் தள்ளுபடி செய்வதில்லை.

இதில் பொதுப் பணமும் கரைகிறது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். 100 அடியிலிருந்து எடுத்த அதே குடம் தண்ணீரை 800 அடியிலிருந்து எடுக்க எட்டு மடங்கு மின்சாரம் வேண்டும். அதே ஆண்டில் அணைகள் காய்ந்து புனல்மின் உற்பத்தியும் சரிந்திருக்கும். மின்வாரியம் மற்ற மின்சாரத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கி இலவசமாகக் கொடுக்கும்.

அப்புறம் தண்ணீரின் தரம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் புளோரைடு அதிகம். அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் கறைபடும், பெரியவர்களுக்கு எலும்பு விறைக்கும். அதைத் தடுக்கவே 1,900 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. கடலோரத்தில் வேறு கதை. வட சென்னைக்கு அப்பால் மீஞ்சூர்ப் பக்கம் 1960களிலிருந்தே நன்னீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் உள்ளே நகர்ந்தது. உப்பேறிய நீரடுக்கு மழை வந்தாலும் லேசில் திரும்பாது.

தென்னையை ஏன் தனியாகச் சொல்கிறார்கள்?

நெல் போனால் ஒரு போகம் போகும். தென்னை போனால், புதிய கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். 2017இல் பொள்ளாச்சி, திருப்பூர் வட்டாரங்களில் மட்டை தொங்கி, குரும்பை உதிர்ந்து, கடைசியில் கொண்டை முறிந்த தோப்புகள் சாலையோரம் முழுக்க நின்றன. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிக் காப்பாற்றியவர்கள் உண்டு. அந்தச் செலவு எந்த நிவாரணப் பட்டியலிலும் இல்லை.

காட்டுக்கும் பறவைக்கும் வறட்சி இயல்புதானே?

வறட்சி இயல்புதான். ஆனால் முன்பு யானைக்கு நகர்ந்து போக வழி இருந்தது. இப்போது வலசைப் பாதையில் வேலியும் ரயில் பாதையும் கட்டடங்களும். வனத்துறை லாரியில் கொண்டுவந்து ஊற்றும் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் பக்கத்தில் இருப்பது வாழைத் தோட்டம். இரவில் யானை இறங்கும், பயிர் போகும், சில இடங்களில் மின்வேலியில் யானையும் போகும். காய்ந்த உன்னிப்புதர் தீயைக் காடு முழுக்கக் கொண்டுபோகும். 2019 பிப்ரவரியில் முதுமலையை ஒட்டிய பந்திப்பூரில் 10,000 ஏக்கர் அளவுக்கு எரிந்தது.

வேடந்தாங்கலில் இந்த உறவு இன்னும் தெளிவாகத் தெரியும். ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில்தான் நாரையும் நத்தைகுத்தியும் கூடு கட்டும், அடியில் தண்ணீர் இருப்பதுதான் குஞ்சுகளுக்குக் காவல். பறவை எச்சம் கரைந்த அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரமும் கூடுதலாகத் தேவைப்படாது. அதனால்தான் அந்த ஊர் மக்கள் 1798லேயே கம்பெனிக் கலெக்டரிடம் பறவைகளைக் காக்க எழுத்தில் உறுதி வாங்கினார்கள். ஏரி நிரம்பாத ஆண்டில் பறவை கூடு கட்டாது, பாசனம் இல்லை, உரம் இல்லை, சுற்றுலாவும் இல்லை.

சீமைக் கருவேலம்தான் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்கிறார்களே?

கண்மாயிலும் வரத்துக் கால்வாயிலும் மண்டிக் கிடக்கும் கருவேலம் நீர்வரத்தை அடைக்கிறது. அங்கே அதை அகற்றத்தான் வேண்டும். 2017இல் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் அகற்றச் சொன்னபோது ஊர் ஊராகப் பொக்லைன் இறங்கியது. பிறகு அந்த வேலைக்கு நீதிமன்றமே தடை போட்டது.

ராமநாதபுரத்தில் மழை பொய்த்த ஆண்டில் விளைவது அது ஒன்றுதான் என்பதையும் பார்க்க வேண்டும். வெட்டி, துண்டு போட்டு அடுக்கி, மண்ணும் தழையும் மூடிக் கரிமூட்டம் போட்டு அந்தக் காசில் அடுப்பெரிக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மாற்றுப் பிழைப்பு இல்லாமல் மரத்தை மட்டும் பிடுங்கினால் வறட்சியின் செலவை இன்னொரு ஏழையின் தலையில் கட்டுவதாகிவிடும்.

2019இல் சென்னையில் நடந்தது?

2018 பருவமழையும் தலைநகரைக் கைவிட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் 2019 ஜூனில் ஏறக்குறைய வெறுந்தரை. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த குடிநீர் வாரியம் 52.5 கோடியாகக் குறைத்தது. சிக்கராயபுரம் கல்குவாரிகளின் தண்ணீரையும் சுத்திகரித்து விட்டார்கள். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் வந்தது. ரயில் தண்ணீருக்கென அரசு 65 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தத் தண்ணீரும் மேட்டூர்க் காவிரிதான்.

பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னதும், ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்ததும் உலகச் செய்தியாயின. நம் தெருக்களில் நடந்தது வேறு. அடுக்குமாடிக் குடியிருப்புகள் தனியார் லாரிக்குச் சொன்ன விலையைக் கொடுத்தன. குழாயடியில் நின்றவர்கள் கூலியைக் கொடுத்தார்கள்: நள்ளிரவில் வரும் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த பெண் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது? திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து. நெல்லைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்றானதும் அந்தக் கிராமங்களின் கைபம்புகள் காய்ந்தன.

கடல்நீரைக் குடிநீராக்கினால் தீராதா?

நகரத்துக்கு அது ஒரு காப்பு. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் தரும் ஆலைகள் 2019இல் கைகொடுத்தன. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை 2024இல் சேர்ந்தது. ஆனால் மின்சாரச் செலவு அதிகம், வெளியேறும் அடர் உப்புநீரைப் பற்றி மீனவர்கள் எழுப்பும் கவலை நியாயமானது. வயலுக்கு இது தீர்வே இல்லை.

மழை வந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

2018 ஜூலையில் மேட்டூர் 120 அடியை எட்டி வழிந்தது. குறுவைக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது. ஆகஸ்ட் 22 அன்று திருச்சி அருகே முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கொள்ளிடத்தில் வெள்ளம் கடலுக்குப் போன அதே வாரங்களில் கடைமடையில் "தண்ணீர் வரவில்லை" என்று மறியல் நடந்தது. தூர்வாராத வாய்க்காலில் அணை நிரம்பினாலும் தண்ணீர் ஏறாது. 2017இல் ஏரி, வாய்க்கால்களை ஊர் மக்களோடு சேர்ந்து சீரமைக்கும் குடிமராமத்துக்கு முதல் கட்டமாக ஒதுக்கியது 100 கோடி ரூபாய், 1,519 பணிகளுக்கு. ரயிலில் குடிநீர் கொண்டுவர ஒதுக்கிய 65 கோடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சிறிய தொகை என்று புரியும்.

கடன் தள்ளுபடி?

2016இல் சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் 5,780 கோடி ரூபாய் தள்ளுபடியானது. வங்கிக் கடனும் நகைக்கடனும் அப்படியே நின்றன. 2017இல் விவசாயச் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளுடன் உட்கார்ந்தவர்களின் முக்கியமான கோரிக்கைகளில் வங்கிக் கடன் தள்ளுபடியும் ஒன்று.

இப்போது என் வயல் காய்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

மூன்று வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் இந்தப் பட்டத்துப் பயிரும் பரப்பும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தரிசு என்று எழுதியிருந்தால் பின்னால் எதுவும் நடக்காது. காப்பீட்டுக்குக் கடைசித் தேதி வரை காத்திருக்காமல், விதைத்த உடனே கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பதியுங்கள். நெல்லுக்கு விவசாயி பங்கு சம்பாவில் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், குறுவையில் 2 சதவீதம். 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்ற விதி ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குதல் போன்றவற்றுக்குத்தான். வறட்சிக்குத் தனிநபர் விண்ணப்பம் கிடையாது, அறுவடைப் பரிசோதனை முடிவுதான் எல்லாம். ஆகவே உங்கள் கிராமத்தில் பரிசோதனை எந்த வயலில், எந்த நாளில் என்று வேளாண்மை அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு, நாலைந்து பேராகப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். குத்தகைக்காரராக இருந்தால், நிலத்துக்காரரிடம் பேசி அவர் ஒப்புதலோடு உங்கள் பெயரில் சாகுபடிச் சான்று வாங்கப் பாருங்கள். அதைப் பயிர் கருகிய பிறகு கேட்டால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், விதைக்கும்போதே கேளுங்கள்.